பதினொரு நீலக் கோடுகள்

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் என் அப்பா முதலில் பார்ப்பது தரையைத்தான். நான் பிறந்த அன்று என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், வார்டு வாசலிலேயே குனிந்துவிட்டாராம். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். "நான் பெத்துப் போட்டுக் கிடக்கேன், இந்த மனுஷன் மூலையில மெஷின் எட்டலைன்னு தரையைத் தடவிக்கிட்டு நிக்கிறாரு."

அப்பா தரைக்குப் பாலிஷ் போடுபவர். பதினாறு வயதில் தொடங்கிய வேலை. மொசைக் தரையில் முதலில் முரட்டுக் கல், அப்புறம் அதைவிட மெல்லிசு, அப்புறம் இன்னும் மெல்லிசு என்று மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். தண்ணீரும் கல்தூளும் சேர்ந்து வெள்ளைக் கூழாக ஓடும். மெஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அப்பா எண்ணுவார். தரையில் பதிந்த கண்ணாடிப் பட்டைகளை, கறுப்புச் சில்லுகளை, ஒரு கட்டத்துக்கு எத்தனை சுற்று என்பதை. "எண்ணாம தேய்ச்சா கை தூங்கிடும் பாப்பா" என்பார். எங்கள் வீட்டு மாடிப்படி இருபத்தொன்று என்பதும், அதில் பதினாலாவது மட்டும் அரை விரல் உயரம் கூடுதல் என்பதும் எனக்கு நடக்கத் தெரியும் முன்பே சொல்லப்பட்ட செய்திகள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'தரை அலங்காரம்' என்று எழுதினேன். வேலைக்கான நேர்காணலில் அது இன்னும் வளர்ந்தது. "அப்பா இன்டீரியர் லைன்ல இருக்கார்" என்றேன். கேட்ட மேடம் தலையசைத்தார். நான் சொன்னதில் பொய் எது என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. அப்படிப்பட்ட வாக்கியங்களைக் கட்டுவதற்குத்தான் மூன்று வருடம் படித்தேனோ என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன்.

மேடம் வைத்திருப்பது பழம்பொருள் கடை. கடிகாரம், பேனா, பொம்மை, பொத்தான் என்று சின்னச் சின்னப் பொருள்களை வாங்கிச் சேகரிப்பவர்களுக்கு விற்பது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதுவது என் வேலை. என்ன பொருள், என்ன பெயர், எந்தக் காலம், எதைக் கொண்டு அப்படிச் சொல்கிறோம். அட்டையின் கடைசி வரியில் 'பார்த்து உறுதி செய்தவர்' என்று அச்சடித்திருக்கும். அங்கே என் பெயரையும் பக்கத்தில் பட்டத்தையும் எழுதுவேன். பட்டம் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் பிஸ்கட் டப்பா நிறையக் கோலிக்குண்டுகள் கொண்டுவந்தார். இறந்துபோன அவருடைய அண்ணனுடையவை. டப்பாவுக்குள் ஒரு குண்டு மட்டும் பஞ்சில் சுற்றித் தனியாக இருந்தது.

"விக்கிறது அப்புறம் பாத்துக்கலாம். இது என்னன்னு மட்டும் முதல்ல சொல்லுங்க" என்றார். "எங்க அண்ணன் இது மெஷின் வர்றதுக்கு முன்னாடி கையால செஞ்ச குண்டுன்னு சொல்வான். யாரும் நம்பல. அவன் எதைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டோம். வீட்டுல அவன் பேரே புளுகன். நாப்பது வயசுல அவன் பிள்ளைங்க முன்னாடியே அப்படித்தான் கூப்பிட்டோம். இது ஒண்ணு நிஜமான்னு எனக்குத் தெரியணும்."

மேடம் டப்பாவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு என்னிடம் தள்ளினார். "திங்கக்கிழமை அட்டை ரெடியா இருக்கணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. உன்னை நம்பித் தர்றேன்." நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாத முடிவில்தான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள்.

அன்றே கடையில் விளக்கடியில் அந்தத் தனிக் குண்டை மட்டும் பார்த்தேன். கோலியை அடையாளம் காண்பதில் முதல் பாடம் அதன் தொப்புளைத் தேடுவது. கடையில் அப்படித்தான் சொல்வோம். கையால் செய்கிறவர்கள் உருகிய கண்ணாடியை நீளக் கம்பியாக இழுத்து, நுனியை உருண்டையாக்கி அறுத்தெடுப்பார்கள். அறுத்த இடத்தில் சொரசொரப்பாக ஒரு வடு தங்கிவிடும். மெஷினில் உருண்ட குண்டுக்கு அந்த வடு இருக்காது. இந்தக் குண்டு பால் வெள்ளை. ஒளி ஊடுருவாத உடம்பு. மேற்பரப்பில் மட்டும், பேனாவால் இழுத்ததுபோல மெல்லிய நீலக் கோடுகள், நாளாகி மங்கியிருந்தன. விரலை ஓட்டினேன். ஓரிடத்தில் சொரசொரத்தது. தொப்புள்.

நோட்டில் எழுதினேன்: பால் உடல். நீலக் கோடுகள். தொப்புள் உண்டு. கைவேலை.

புளுகன் புளுகவில்லை. திங்கட்கிழமை அதை டீச்சரிடம் நான்தான் சொல்லப்போகிறேன் என்று நினைக்க எனக்கே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை வீட்டில் கட்டிலில் துண்டை விரித்து மற்ற குண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இலைபோல வண்ணம் நிற்கும் பூனைக்கண்கள் ஒரு பக்கம், சோடா பாட்டிலை உடைத்து எடுத்த வெளிர்பச்சைக் குண்டுகள் ஒரு பக்கம். அப்பா வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"இதுக்கா பாப்பா காலேஜு? எங்க காலத்துல இதை வெச்சு விளையாடினா முதுகுல போடுவாங்க."

"ஒரு டீச்சரம்மா கொடுத்ததுப்பா. இதெல்லாம் இப்ப சேகரிக்கிறாங்க. நல்ல நிலையில இருந்தாத்தான் மதிப்பு."

அவர் பஞ்சிலிருந்த குண்டை எடுத்து ஈரக் கட்டைவிரலால் தடவினார். தரையைச் சோதிப்பதும் அப்படித்தான். "இது ஏன் இப்படி அழுக்கா கெடக்கு? பொரிப்பொரியா வேற இருக்கு."

"அது பழசுப்பா. அப்படித்தான்."

அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் ஓர் அரசு வேலைக்கான தேர்வு எனக்கு. அட்டை எழுதுவதில்தான் என் வாழ்க்கை போகப்போகிறதா என்ற சந்தேகத்தில் எல்லாத் தேர்வும் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தொப்புளை விளக்க இரண்டு நிமிடம் போதும். சொன்னால் புரியவா போகிறது என்று நினைத்தேன். இந்த வரியை எழுதும்போது கை கூசுகிறது. கல்லைப் பற்றியும் வடுவைப் பற்றியும் எங்கள் தெருவிலேயே அதிகம் தெரிந்த மனிதர் அவர்.

ஞாயிறு மாலை தேர்வு முடிந்து வந்தேன். அப்பா வாசலிலேயே நின்றார்.

"கையை நீட்டு. கண்ணை மூடு."

உள்ளங்கையில் குளிர்ச்சியாக ஒன்று விழுந்தது. கண்ணைத் திறந்தேன். ஒரு வெள்ளைக் குண்டு. கோடில்லை, வடுவில்லை. முத்து மாதிரி பளபளவென்று இருந்தது. என் முகம் அதில் தெரிந்தது.

"காலையில ஒம்பது மணிக்கு உக்காந்தவரு" என்றாள் அம்மா. கார்மென்ட்ஸுக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள். "சோத்துக்குக் கூப்பிட்டா காது கேக்கல. டிரில்லரு, குழாய்த் துண்டு, பவுடருன்னு வீடு பூரா சேறு. உனக்கு நல்ல நிலையில வேணுமாம்ல."

"மேல ஏதோ நீல மை ஒட்டியிருந்துச்சு. போகவே மாட்டேன்னுச்சு" என்றார் அப்பா. "விடுவேனா? இதுல எத்தனை கல்லு மாத்தினேன் தெரியுமா? ஏழு."

நான் அழவில்லை, கத்தவில்லை. "நல்லா இருக்குப்பா" என்றேன். அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொன்னதாக வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த நொடியிலேயே என் மூளை, இதை எப்படி மறைக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

திங்கட்கிழமை அட்டையில் எழுதினேன்: 'வெள்ளைக் குண்டு. அடையாளங்கள் இல்லை. மெஷின் வேலையாக இருக்கலாம்.' கீழே என் பெயர், பட்டம். நோட்டில் வெள்ளிக்கிழமை எழுதிய பக்கத்தைப் புரட்டாமல் மூடிவைத்தேன்.

மேடம் குண்டை உருட்டிப் பார்த்தார். "இதுக்கா அந்தம்மா அவ்வளவு பேசினாங்க? கடையில புதுசா வாங்கினது மாதிரி இருக்கு." என்னைப் பார்த்தார். "நீ பாத்தப்பவும் இப்படித்தானே இருந்துச்சு?"

"ஆமா மேடம்."

புதன்கிழமை டீச்சர் வந்தார். நான்தான் அட்டையை வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. குண்டை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் தேட ஆரம்பித்தார். மெதுவாக, எல்லாப் பக்கமும்.

"இங்க எங்கேயோ ஒரு சொரசொரப்பு இருக்குமே. சின்ன வயசுல என் கையைப் பிடிச்சு வெச்சு அவன் தடவிக் காட்டுவான்."

நான் அட்டையைக் கவரில் போட ஆரம்பித்தேன்.

"இல்லையோ?" இன்னொரு முறை தேடினார். "அப்போ அதுவும் அவன் சொல்லிச் சொல்லி நான் நம்பினதா இருக்கும். வயசாச்சு. விரலையும் நம்ப முடியல." சிரித்தார். "கடைசிவரைக்கும் புளுகன்தான் போ."

குண்டைப் பஞ்சில் சுற்றாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். மற்றவற்றை விற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவர் படியிறங்கும்போது கைப்பைக்குள் குண்டு எதிலோ மோதும் சத்தம் கேட்டது.

அன்று வீட்டில் அப்பா கேட்ட முதல் கேள்வி, "டீச்சரம்மா பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?"

"சந்தோஷப்பட்டாங்கப்பா."

"பாத்தியாடி!" என்று அம்மா பக்கம் திரும்பினார்.

"போதும், தெருவுல பாதிப் பேருக்குச் சொல்லியாச்சு. மீதியை நாளைக்குச் சொல்லுங்க."

"அடுத்த தடவை டப்பாவோட கொண்டா பாப்பா. ஒரே நாள்ல எல்லாத்துக்கும் பளபளப்பு ஏத்திவிட்டுடறேன்."

நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். செத்துப்போன ஒரு மனிதனைப் பொய்யனாக்கியாகிவிட்டது. உயிரோடு இருக்கும் ஒருத்தியை அவள் விரலையே சந்தேகப்பட வைத்தாகிவிட்டது. எதற்கு? பழம்பொருளைப் பாழாக்கியது யார் என்று கேட்டால், 'இன்டீரியர் லைன்' என்று சொன்ன வாயால் தரை தேய்க்கிறவர் என்று சொல்ல வேண்டுமே, அதற்கு. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டில் எது பெரிது என்று எனக்குத் தெரியும்.

மூன்று நாள் தாங்கினேன். சனிக்கிழமை மதியம் நோட்டை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். கடைப் படிவத்தில் முகவரி இருந்தது. சொல்ல நினைத்ததை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். கதவு திறந்ததும் எல்லாம் மறந்து, "உங்க அண்ணன் புளுகல டீச்சர்" என்றுதான் வந்தது.

உட்காரச் சொல்லாமலே முழுதும் கேட்டார். வீட்டில் ஒருவர் தெரியாமல் தேய்த்துவிட்டதாகச் சொன்னேன்.

"யாரு அந்த ஒருத்தர்?"

"எங்கப்பா. தரைக்குப் பாலிஷ் போடுறவர்."

"அன்னைக்கு என் முன்னாடி உக்காந்து வாசிச்சியே. நான் தேடினதைப் பாத்துக்கிட்டேதானே இருந்த?"

"ஆமா."

நோட்டை நீட்டினேன். கண்ணுக்கருகே வைத்துப் படித்தார். "நீலக் கோடுகள். எத்தனை?"

எண்ணவில்லை என்றேன்.

"தொப்புள் உண்டுன்னா ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான் பாத்தேன்."

"கணக்குல இதுக்கு மார்க் கிடையாது." நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இதை நேத்து ராத்திரி உக்காந்து எழுதலைன்னு நான் எப்படி நம்புறது? பொய் சொன்ன பொண்ணு, இப்ப என் மனசு ஆறட்டும்னு இன்னொரு பொய் சொல்றியோ என்னவோ. எங்க அண்ணன் அந்தக் குண்டைப் பத்தி ஒரு கணக்கு சொல்வான். எத்தனை கோடு, எங்க எங்க வடுன்னு. அதைக் கேட்டுத்தான் நாங்க ரொம்பச் சிரிப்போம். நான் இப்பச் சொல்ல மாட்டேன். அழிச்சவருக்குத் தெரியுமான்னு கேட்டுட்டு வா."

அப்பா அன்று பாதி கட்டி முடித்த ஒரு வீட்டில் வேலையில் இருந்தார். அவர் வேலை செய்யும் இடத்துக்கு நான் போய் எட்டு வருடமாவது இருக்கும். கூடத்தின் நடுவில் மெஷினோடு குனிந்து நின்றார். முழங்கால்வரை வெள்ளைக் கூழ். உதடு அசைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பதறி மெஷினை நிறுத்தினார்.

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மா நல்லா இருக்காங்க."

சொன்னேன். தொப்புள் என்றால் என்ன, நீல மை என்றால் என்ன, திங்கட்கிழமை என்ன எழுதினேன், புதன்கிழமை டீச்சர் எப்படித் தேடினார், அவர் சந்தோஷப்பட்டார் என்று நான் சொன்னது பொய், எல்லாவற்றையும். அவர் கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்தார், மறுபடி நனைத்தார், பிழிந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. நான் வந்து அந்தம்மா முன்னாடி நின்னிருப்பேனே. நான் செஞ்சதுக்கு நீ ஏன் பொய் சொல்லணும்?"

அவருக்கு அது ஏன் என்று நிஜமாகவே புரியவில்லை. என் கண் அவர் முழங்காலில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைக் கூழுக்குப் போனது. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு அவரே தரையைப் பார்த்துக்கொண்டார். புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"அப்பா, அந்தக் கோடு எத்தனைன்னு..."

"பதினொண்ணு."

அவ்வளவு வேகமாக வந்தது பதில்.

"பன்னெண்டு இருக்க வேண்டியது. ஒரே இடைவெளியில சுத்தி வருது, ஒரு இடத்துல மட்டும் ரெட்டை இடைவெளி. அங்க ஒண்ணு தேஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். ஆனா அடியில நிறமே இல்ல. போடவே இல்ல. பொரி ரெண்டு. ஒண்ணு பெரிசு, நேர் எதிர்ப்பக்கம் கடுகு மாதிரி ஒண்ணு. உனக்குத் தெரியலையா?"

விளக்கடியில் பார்த்த எனக்குத் தெரியவில்லை.

"வா, இப்பவே போலாம்" என்றார்.

"கொஞ்சம் கால்சட்டையை மாத்திக்கிட்டு..." அதையும் நான் சொன்னேன். எல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும்.

"ஏன், டீச்சரம்மா என் கால்சட்டையையா எண்ணிட்டு வரச் சொன்னாங்க?"

அப்படியே வந்தார். டீச்சர் வீட்டு வாசலில் செருப்பை விட்டவர் வழக்கம்போலக் குனிந்தார். "தரையை யாரோ மனசு வெச்சுப் போட்டிருக்காங்க டீச்சரம்மா" என்றார். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து, "நான்தான் அழிச்சேன்" என்றார். கோடுகளைச் சொன்னார், ரெட்டை இடைவெளியைச் சொன்னார், பெரிய வடுவையும் கடுகு வடுவையும் தன் மூடிய முஷ்டியில் தொட்டுத் தொட்டுக் காட்டினார். டீச்சர் அந்த முஷ்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு" என்றார் கடைசியில். "செஞ்சவன் ஒண்ணு போட மறந்துட்டான்னு சொல்வான் எங்க அண்ணன். குண்டு செய்யறவன் மறந்ததெல்லாம் உனக்கு எப்படிடா தெரியும்னு சிரிப்போம். நான்தான் பெரிசா சிரிப்பேன். அவன் கொண்டுவந்து நீட்டுவான், எண்ணிப் பாரு எண்ணிப் பாருன்னு. ஒரு நாளும் எண்ணல. கணக்கு டீச்சர்."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். டீச்சர் அவரை உட்காரச் சொன்னார். தரை அழுக்காகிவிடும் என்று அவர் உட்காரவில்லை. என்னை டீச்சர் அன்று மன்னித்ததாகச் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. "அட்டையை மாத்தி எழுதிக் கொடு. எல்லாத்தையும் எழுது" என்றார்.

திங்கட்கிழமை மேடமிடம் சொன்னேன். இனி எந்தப் பொருளும் கடையைவிட்டு வெளியே போகாது என்றார், என்னை நிரந்தரமாக்குவது இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போகும் என்றார். "உன்னை நம்பித் தந்தேன்" என்று முடித்தார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லியிருக்கத் தேவையில்லை.

புது அட்டை எழுதினேன். 'பால் வெள்ளைக் கைக்குண்டு. மேற்பரப்பில் பதினொரு நீலக் கோடுகள், ஒரு கோடு இடப்படாத இடைவெளி. எதிரெதிரே இரண்டு அறுத்த வடுக்கள். கடையின் பொறுப்பில் இருந்தபோது தேய்க்கப்பட்டு அடையாளங்கள் அழிந்தன.' கடைசி வரிக்கு வந்தபோது பேனா நின்றது. பார்த்து உறுதி செய்தவர். நான் பார்த்தேன், எண்ணவில்லை. அங்கே அப்பாவின் பெயரை எழுதினேன். பக்கத்தில் பட்டம் வரும் இடத்தில், 'தரை பாலிஷ் வேலை' என்று எழுதினேன். எழுத நேரம் பிடித்தது. யாராவது பின்னால் நின்று பார்க்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கொடுப்பதற்கு முன் வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். தன் பெயரில் நின்றார், தொழிலில் நின்றார், மறுபடி மேலே போனார்.

"அழிச்சவனும் நானு, சாட்சியும் நானா?" என்றார். "இதுல ஒண்ணு குறையுது. தேய்ச்சதுன்னு இருக்கு, யார் தேய்ச்சான்னு இல்ல."

"அது வேணாம்னு..."

"எழுது பாப்பா" என்று அட்டையை என் பக்கம் தள்ளினார்.